பெட்டி ஓட்டைக்கும் கணக்கு உண்டு

மேசை செய்கிறவன் பலகைக்குக் கணக்குச் சொன்னால் போதும். ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவன் உள்ளே இருக்கிற காற்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். கல்முனை பசாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த காலத்தில் அந்தக் காற்றோடு நான் பட்ட பாட்டை, மணிக்கூடோ தையல் மெஷினோ திருத்திப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களை விட்டால் வேறு யாரிடம் சொல்லி அழுவது?

எண்பதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் ஆளுக்கொரு கசற் ரேடியோவோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ திருத்த வேலை அலுத்துவிட்டது. "ஸ்பீக்கர் பெட்டி கணக்குப்படி செய்து தரப்படும்" என்று ஒரு பலகை எழுதுவித்து, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். முதல் பெட்டி ஊர் கேட்கப் பாடினால்தான் அதை வெளியே மாட்டுவது என்று பிடிவாதம். அப்போதுதான் ஹமீது வந்தான்.

பாரம்

ஹமீது சவூதியில் சாரதி. விடுமுறைக்கு வந்தவன், இடுப்பில் கட்டும் சாரனொன்றில் சுற்றிய இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை என் மேசையில் வைத்தான். அங்கே பெட்டியோடு வாங்கியவையாம். விமானத்தில் பாரம் கூடிவிடும் என்று பெட்டிகளை அறையிலேயே விட்டுவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான். பெட்டியை அளந்தாயா என்று கேட்டேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். பிறகு யோசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் விரித்தான். முன்பக்கம் ஓட்டை இருந்ததா? இருந்ததாம். ஓட்டைக்குள் குழாய் இருந்ததா? கையை விட்டுப் பார்க்கவில்லையாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டிக்குள் எவ்வளவு இடம், ஓட்டை எவ்வளவு அகலம், குழாய் எவ்வளவு நீளம், இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் பேஸ் சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கும். பால்மா டின்னையும் கம்பளத்தையும் கட்டிச் சுமந்து வந்தவனுக்கு ஓர் அளவைத் தாளில் எழுதி வரக் கையில்லை. கேட்டால், வயதில் மூத்தவன் என்று என்னைக் காக்கா போட்டுச் சொல்கிறான்:

"பொட்டி வெறும் பலகைதானே காக்கா, உள்ளுக்கு ஒண்டுமே இல்ல. அத என்னத்துக்குச் சுமக்கிற?"

மாமியின் தீர்ப்பு

இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே பெட்டியில் பூட்டுவதாக, அவற்றின் அகலத்தை வைத்து நானே கணக்குப் போட்டேன். பெருக்கி, வகுத்து, அழித்து, திரும்பவும் பெருக்கி, ஒருவழியாகப் பெட்டியின் அளவு வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஹமீது இருப்பது பெண்டாட்டி வீட்டில். எது எந்த மூலையில் நிற்கும் என்பது அங்கே மாமியின் தீர்ப்பு. கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமானால் பெட்டி ஒரு சாண் ஒடுங்க வேண்டும் என்று திரைக்குப் பின்னாலிருந்து உத்தரவு வந்தது. அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டினேன். உள்ளே இருக்கும் காற்று மாறாமல் இருக்க இன்னொரு தரம் முழுக் கணக்கு.

அதோடு விட்டார்களா? ஓட்டை எதற்கு என்று கேள்வி. பேஸ் சத்தம் அதன் வழியாகத்தான் வெளியே வரும் என்று பொறுமையாகச் சொன்னேன். திரை அசைந்தது.

"புதுச் சாமானுல ஓட்டைய வெச்சித் தந்தா, பாக்குறவங்க பழசி வாங்கின எண்டுதானே தம்பி நினைப்பாங்க?"

முதிரைப் பலகை

மரவேலைக்குக் காரைதீவிலிருந்து ஓர் ஓடாவியாரைப் பிடித்தேன். கை சுத்தமான மனிதர். அந்தத் தைரியத்தில் அளவுகளைக் கீறிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் கொடுத்தது உள்ளளவு. அவர் அதை வெளியளவாக எடுத்துக்கொண்டு, கதவுக்குப் போடுகிற தடிப்பில் முதிரைப் பலகையால் அடித்து, பொலிஷும் பூசி வைத்திருந்தார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மினுக்கம். உள்ளே கையை விட்டால் இடமே இல்லை.

நான் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். பெட்டியைப் பிரிக்க அவர் சம்மதிக்கவில்லை. இடம் குறைந்தால் குழாய் நீள வேண்டும். நீண்டால் பின்பலகையில் முட்டும். ஓட்டை ஒடுங்கினால் குறைந்த நீளமே போதும் என்று, கடைசியில் ஒடுங்கிய தண்ணீர்க் குழாயொன்றை எடுத்து, முட்டாமல் நிற்கிற நீளத்துக்கு மூன்றாம் தரமாகக் கணக்குப் போட்டேன். ஓட்டையைச் சிறிதாக்க முன்பலகையை மட்டும் மாற்றித் தந்த ஓடாவியாருக்கு அதிலும் மனத்தாங்கல்.

"கட்டில், அலுமாரி எண்டு எவ்வளவு செய்திருக்கன் தம்பி. இண்டுவரைக்கும் ஒருத்தரும் உள்ளுக்குப் போய் அளந்து பாத்ததில்ல."

ஊமைப் பெட்டி

கடையில் வைத்துப் பாடவிட்டபோது தட்டில் கிடந்த ஆணி டின்கள் ஆடின. சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினேன். நோன்புப் பெருநாளன்று ஹமீது கூட்டாளிமாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, எனக்கு ஆள் அனுப்பினான். பெட்டிக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்துவிட்டதாம். வழியெல்லாம் எனக்குச் சுவரைப் பார்த்து நிற்கும் என் கடைப் பலகைதான் நினைவு. அவ்வளவு பேருக்கு முன்னால் இது ஊமையாக நின்றால் அந்தப் பலகையை அடுப்பில்தான் வைக்க வேண்டும்.

போனதும் ஓட்டைக்குள் விரலை விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தேன். பழைய சாரன் துண்டு, வந்துகொண்டே இருந்தது. இதைச் செய்தது யார் என்று அடக்க முடியாமல் சத்தம் போட்டுவிட்டேன். திரைக்குப் பின்னால் கொஞ்சமும் கலக்கமில்லை.

"பல்லி முட்டை வெச்சிரும் எண்டு நான்தான் அடைச்ச. ஸ்பீக்கர்தானே தம்பி பாடுது, ஓட்டையா பாடுது?"

யார் செய்த பெட்டி?

துணி வெளியே வந்ததும் பெட்டி பாடியது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன. பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். ஒருவர் ஓட்டைக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்து, காற்று வருகிறது என்று வியந்தார். மூன்று தரம் நான் கணக்குப் போட்ட காற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பலகைக்கு எந்த இடத்தில் ஆணி அடிப்பது என்றுகூட நினைத்துவிட்டேன்.

அப்போது அந்த மனிதர் கேட்டார், தன்னிடமும் கட்டாரிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஸ்பீக்கர் கிடக்கிறது, இந்தப் பெட்டியை யார் செய்தது என்று. நான் தொண்டையைச் செருமினேன். ஹமீது முந்திக்கொண்டான்.

"ஸ்பீக்கர் நான் கொண்டாந்த. பொட்டி காரைதீவு ஓடாவியார் அடிச்ச. காக்கா ஓட்டை மட்டும் போட்டுத் தந்தவர்."

பலகையில் "கணக்குப்படி" என்று எழுதியதற்குப் பதிலாக "இங்கே ஓட்டை போடப்படும்" என்று எழுதியிருந்தால், அது இன்றைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்காது.