திங்கட்கிழமைக்குள் ஓர் ஆள்

"நீ படிச்சது பத்தாதுன்னு லீவுக்கும் ஒரு பள்ளிக்கூடம் தேடுறியாக்கும். தேடு, தேடு. தங்கச்சிய யாரு அனுப்பப் போறா?"

அம்மா இதைக் கேட்டபோது அவள் வலது கையில் மாவுக்கட்டுப் போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. ஏலக்காய்த் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. நான் கோடை முகாம் நோட்டீஸ் மூன்றைத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். எட்டாம் வகுப்புப் பரீட்சை முடித்திருந்த தங்கை, ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அங்கன வர்ற பிள்ளைக எல்லாம் இங்கிலீஷ்லதான் பேசுமாக்கா?"

அம்மா சொன்னதன் பொருள் எங்கள் ஊரான கம்பத்தில் கூலிக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். விடியுமுன் மலையேறும் ஜீப்பில் ஒவ்வோர் இடமும் ஒரு வீட்டுக்குச் சொந்தம். ஒருத்தி படுத்துவிட்டால் அதே வீட்டிலிருந்து இன்னொருத்தி போய் உட்கார வேண்டும். காலியாக விட்டால் வேறு வீட்டுக்குப் போய்விடும். கோடையில் மேலே வேலை குறைவு, இடத்துக்குக் காத்திருப்பவர்கள் அதிகம். அப்பா கேரளாவில் கட்டட வேலையில் இருக்கிறார், வந்தால்தான் வந்தார். அந்த இடம் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

என் பெரியம்மா மகளும் ஒரு மே மாதம் இப்படித்தான் இடம் காக்கப் போனாள். ஜூனில் பள்ளி திறந்தது. அவள் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டம் வாங்கித் தனியார் பள்ளியில் டீச்சராகவும் ஆனேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அந்தத் திமிரில்தான் ஒரு தப்புச் செய்தேன். அம்மாவுக்காக ஜீப் டிரைவருக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் இணைத்து, சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும் கொடுத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன ஆத்தா, ஜீப்புக்கு லீவு லெட்டரா?"

இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். "டீச்சரு, அப்படியே எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. எம் மாமியாகிட்ட நீட்டணும்" என்றாள் ஒருத்தி.

"லெட்டரு வந்து களை வெட்டுமா?" என்றார் டிரைவர். "திங்கக்கிழமைக்குள்ள உங்க வீட்டு ஆள் வரணும். இல்லன்னா வேற வீட்டுக்குச் சொல்லிருவேன். தங்கச்சி வளந்துட்டால்ல?"

சனிக்கிழமை தேனிக்குப் போனேன். முதல் முகாமில் ஏசி அறை. "அம்மா என்ன வேலை பாக்குறாக?" என்று கேட்ட பெண், பதிலைக் கேட்டதும் பேனாவை மூடினாள். "பாப்பாவுக்கு இங்க ஒத்துவருமான்னு யோசிச்சுக்கங்க." இரண்டாவது இடத்தில் வாசல் போர்டில் மட்டும்தான் முகாம், உள்ளே கரும்பலகையில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, கல்லூரி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஓர் அரசுப் பள்ளியில் நடத்துவது. முல்லையாற்று மண்ணைக் கண்ணாடி ஜாடிகளில் கரைத்துத் தெளியவிட்டிருந்தார்கள். முழங்கை வரை சேறாக இருந்த ஒரு சிறுமி, "இல்ல சார், நீங்க சொன்னது தப்பு" என்றாள். அந்த சார் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கி, மறுபடி பார்த்தார். என் தங்கைக்கு இதுதான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அடுத்த குழுவில் ஒரே ஓர் இடம் இருந்தது. அதுவும் திங்கட்கிழமைதான் தொடக்கம்.

ஊர் திரும்பி மூன்று வீடுகளில் கெஞ்சினேன். சித்தி வெளிப்படையாகவே சொன்னாள்: "நான் உக்காந்தா அப்புறம் அது எங்க வீட்டு எடமாகிப் போகும்டி. பரவாயில்லையா?" செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது, தோட்டத்துக்குப் போடும் அம்மாவின் முழுக்கைச் சட்டையைத் தங்கை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இடது கையால் அதன் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அட்டை கடிச்சா ரொம்ப வலிக்குமா?" என்றாள் தங்கை. முகாமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மே மாதம் எனக்குப் பள்ளி கிடையாது, சம்பளமும் கிடையாது. வீட்டில் இன்னோர் ஆள் இருப்பது ஒரு வாரமாக எனக்குத் தெரிந்தே இருந்தது. அம்மாவும் அதைச் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கும் மனமில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரின் அம்மாக்கள் அதே ஜீப்பில் வருகிறார்கள். அவர்கள் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறவர்கள்.

டிரைவருக்குப் போன் செய்தேன். "அண்ணே, நாளைக்கு எங்க வீட்டு ஆளா நான் வர்றேன்."

"நீயா? வெளாடாத ஆத்தா."

"எத்தன மணிக்கு வந்து நிக்கணும், சொல்லுங்க."

சொன்னார். போனை வைத்துவிட்டு, முகாம் படிவத்தில் அம்மாவிடம் இடது கைக் கட்டைவிரல் ரேகை வாங்கினேன். தங்கையைத் தேனி பஸ்ஸில் கூட்டிப்போவாயா என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள்.