காய்ச்சல் என்று சொல்லாத காலம்

குழந்தை டாக்டர் வாசலில் டோக்கன் கொடுப்பவளை யாருக்கும் பிடிக்காது. நீங்களும் என்னைப் போன்ற ஒருத்தியை மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். காரைக்குடியில் ஒரு கிளினிக்கில் பதினோரு வருஷமாக அந்தத் திட்டை வாங்குகிறேன். கொரோனா வந்ததும் நெற்றியில் சூடு பார்க்கும் துப்பாக்கியையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சூடு யாருடையது?

காய்ச்சல் என்று சொன்னால் டெஸ்ட் எடுப்பார்கள், வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்கள் என்று எல்லோருக்கும் பயம். அதனால் அந்த மாதங்களில் எங்களிடம் வந்த ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் இல்லை. 'லேசாச் சோர்வு', 'கொஞ்சம் வெதுவெதுப்பு', அவ்வளவுதான். அமராவதிபுதூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஓர் அம்மா, சும்மா எடை பார்க்க வந்ததாகச் சொன்னார். பையன் நெற்றியில் துப்பாக்கியைக் காட்டினேன். நூற்றிரண்டு. அவர் அசரவே இல்லை.

“அது புள்ள சூடு இல்லக்கா. வண்டியில முன்னாடி நின்னுக்கிட்டே வந்தான்ல, வெயில் சூடு.”

போனில் நெஞ்சு

பிறகு டாக்டர் வீடியோவில் பார்க்க ஆரம்பித்தார். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. நெற்குப்பையில் ஓர் அம்மாவுக்கு மொட்டைமாடியில்தான் சிக்னல் கிடைக்கும். ஐந்து மாதக் குழந்தையோடு ஏறி நின்றார். “நெஞ்சுல சளி இருக்கா?” என்று டாக்டர் கேட்டதும் திரை இருண்டுவிட்டது. கர்ர் கர்ர் என்று சத்தம் மட்டும். “ஹலோ, ஹலோ” என்று கத்தினேன். போனைக் குழந்தையின் நெஞ்சில் வைத்து அழுத்தியிருக்கிறார்!

“சத்தம் போடாதீகக்கா, டாக்டருக்குக் கேக்க வேணாமா?”

மூன்று நாள்

பஸ் ஓடாத சமயம். தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு பெண் பால்வண்டியில் இடம் கேட்டு வந்திருந்தாள். இரண்டு வயது மகனுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. தோளில் ஈரத்துணி மாதிரிக் கிடந்தான். அழுதான், கண்ணீர் வரவில்லை. டோக்கனையெல்லாம் போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கும்வரை அவன் கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவன் ஒன்றுக்குப் போனான். டாக்டர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிழைத்துவிட்டான் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. “ஏம்மா, மூணு நாளாவா வீட்டுல வச்சிருப்பே?” என்று அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“மொத நாளே போன் பண்ணேன்க்கா. அவசரம்னா மட்டும் வாங்கண்டு நீங்கதான் சொன்னீக.”

அந்த மாதங்களில் தாய்மார்கள் சொன்ன பொய்கள் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கின்றன. நான் சொன்ன அந்த ஒரு பதிலை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்பதுதான் மறந்துவிட்டது.