றகரத்தால் பிழைத்த இணையத்தளம்

வீடியோ இணையத்தளம் நடத்துவதென்பது பந்தலும் போட்டு, சோறும் ஆக்கிவிட்டு, விருந்தாளியைத் தேடித் தெருவில் நிற்கிற வேலை. புதிதாகக் கடை திறந்து, உள்ளே வருகிறவரெல்லாம் வழி கேட்க வந்தவராகவே இருக்கிற அனுபவம் உங்களுக்கு இருந்தால், நான் மேலே விளக்கத் தேவையில்லை. இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நானும் என் கூட்டாளி ரிம்சானும் கிழக்கிலங்கையில் இருக்கிற சாய்ந்தமருதில் தொடங்கிய தளத்துக்கு 'எங்கட கரை' என்று பெயர். கடலரிப்பு, குளம், வயல், யானை, குப்பை என்று நம்முடைய சுற்றாடலை நம்மவர்களே படம்பிடித்து அனுப்பவேண்டும், நாங்கள் போடுவோம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் குடியிருப்பது மனைவி வீட்டில். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அதனால் என் தொழிலைப் பற்றி மனைவியின் வாப்பாவான மாமாவுக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. கட்டாரில் இருக்கும் மச்சான் எனக்கு விசா எடுத்து வைத்திருந்தார். பெருநாளைக்குள் சொந்தக்காரர் அல்லாத நாலு பேராவது வீடியோ அனுப்பினால் ஊரில் இருக்கலாம், இல்லாவிட்டால் விமானம் ஏறவேண்டும் என்று மாமா முடிவு சொல்லிவிட்டார். எனக்குப் போக மனமே இல்லை. மகளுக்கு அப்போதுதான் 'வாப்பா' என்று சொல்ல வாய் வந்திருந்தது.

காற்றும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது

முதல் அழைப்பு அறுகம்பேயிலிருந்து வந்தது. பேசியவர் அங்கே விருந்தினர் விடுதி வைத்திருப்பவர். 'சுற்றாடல் வீடியோக்களை அனுப்புங்கள்' என்று நாங்கள் போட்டிருந்ததை அவர் சுற்றுலா என்று வாசித்துவிட்டார். அனுப்பிய வீடியோ அழகுதான். முதலில் ஓர் அலை வந்தது. அலை போனதும் கட்டில், மின்விசிறி, குளியலறை எல்லாம் வரிசையாக வந்தன.

சுற்றாடல் வேறு, சுற்றுலா வேறு என்று நான் பாடம் நடத்தினேன். சுற்றாடல் என்றால் காற்று, தண்ணீர், மரம், மண் என்று நீட்டி முழக்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஓம் மகன், காத்தும் இரிக்கி, தண்ணியும் இரிக்கி. ஏசி ரூமும் இரிக்கெண்டு கீழ ஒரு வரி போட்டு உடுங்க."

ஹலாலான சத்தம்

சுற்றாடல் வீடியோ யாரும் அனுப்பாததால் நாங்களே கடலரிப்பைப் படமெடுத்தோம். வேரோடு விழுந்து கிடந்த தென்னைகளுக்குப் பின்னால் ரிம்சான் உருக்கமாக ஒரு வயலின் வைத்தான். பள்ளிவாசல் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஊர் முழுக்கப் பார்க்கும் என்று பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற ஒரு மரைக்காயரிடம் கொண்டுபோனோம். மியூசிக் இருந்தால் குழுவில் போடமுடியாது என்றார். நியாயம்தான். வயலினை எடுத்துவிட்டு அலைச் சத்தத்தை மட்டும் நன்றாகக் கூட்டி வைத்துக்கொண்டு திரும்பப் போனோம்.

போனைக் காதோடு வைத்துக் கடைசிவரை கேட்டார். பிறகு சிரிக்காமலே சொன்னார்: "கடல்ட சத்தத்துல ஒரு பிழையுமில்ல மகன். ஆனா எங்கட ஆக்கள் இதக் கேட்டா சுனாமி எண்டு ஓடிருவாங்க. கொஞ்சம் குறைச்சி வைங்க."

கணக்கில் வராதவர்

அடுத்ததாக ஓர் இளைஞர் சங்கம் மரம் நடும் வீடியோ அனுப்பியது. பதாகை, மாலை, கூட்டம் எல்லாம் இருந்தன. ஒரே ஒரு கன்று. அதையும் அத்தனை கைகள் பிடித்திருந்ததால் இலைகூடக் கண்ணில் படவில்லை. இருந்தாலும் அன்னியர் அனுப்பிய முதல் சுற்றாடல் வீடியோ அல்லவா? மாமாவிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கன்றை விட்டுவிட்டு முகங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். யார் எந்தத் தாய்வழிக் குடி, யாருடைய உம்மா யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாலையோடு நின்றவரில் விரல் நின்றது.

"கன்றக் காணல்ல. ஆனா நிக்கிறவன் நம்மட குடி. இது கணக்குல வராது மகன்."

பெரிய ற

பெருநாள் நெருங்கிவிட்டது. விளம்பரம் செய்யாமல் முடியாது என்று ஆட்டோக்களுக்கு ஸ்டிக்கர் அடிக்கத் தீர்மானித்தோம். எங்களூரில் போர்ட், பேனர், ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் நாங்கள் அண்ணனாக மதிக்கும் லாபீர் காக்காதான். வேலையில் சுறுசுறுப்பானவர், எங்களுக்குக் காட்டுவதற்கு முன்பே கல்முனை பஸ் நிலையத்தில் நின்ற ஆட்டோக்களில் எல்லாம் ஒட்டிவிட்டார். போய்ப் பார்த்தோம். 'எங்கட கறை. வீடியோ எடுத்து அனுப்புங்க' என்று பளிச்சென்று இருந்தது.

தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். லாபீர் காக்காவுக்கு என்ன குறை என்றே விளங்கவில்லை. "ரெண்டும் ஒரு சத்தம்தானே தம்பி. பெரிய 'ற' போட்டாத்தான் தூரத்துக்குத் தெரியும்."

அடுத்த வீட்டார்

இங்கேதான் நாங்கள் படித்துக்கொண்ட பாடம் இருக்கிறது. தன் கரையை எவரும் படமெடுப்பதில்லை. அடுத்தவன் கறை என்றால் கை தானாகப் போனை எடுக்கிறது. மாவடிப்பள்ளியிலிருந்து வைக்கோல் எரித்த புகை வந்தது. மருதமுனையிலிருந்து சாயத் தண்ணீர் ஓடும் வடிகான் வந்தது. சாகாமத்திலிருந்து, குளத்தில் வலை போட்டவருக்கு அகப்பட்ட பிளாஸ்டிக் சொப்பின் பேக்குகள் வந்தன. நாலு பேர் என்ன, நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். குடி பார்த்துப் பார்த்து மாமா களைத்துப்போனார். விசாவைப் பற்றிய பேச்சு நின்றது. நானும் ரிம்சானும் சந்தோஷத்தில் ஆளுக்கொரு பலூடா குடித்தோம்.

குரலை மட்டும் அனுப்பிய ஒரு தாத்தாவை மறக்கவே முடியாது. எங்கள் பக்கம் அக்காவைத்தான் தாத்தா என்போம். அவர் சொன்னது: "என்ட பேரப் போட்டுறாதீங்க தம்பி. அடுத்த ஊட்டார்ர பேரப் பெருசாப் போடுங்க."

நீலப் பீப்பா

மாமாவின் தொழிலை இன்னும் சொல்லவில்லை. கலியாண வீடுகளுக்குச் சாப்பாட்டு ஓடர் எடுப்பவர். ஒருநாள் வந்த வீடியோவில், ஊருக்குள் கிடக்கிற தோணா என்கிற ஓடையில் சின்ன லொறியிலிருந்து ஒரு நீலப் பீப்பாவைக் கவிழ்க்கிறார்கள். மிஞ்சிய சோறும் எலும்பும் சோறு சுற்றுகிற பிளாஸ்டிக் லஞ்ச் சீட்டும் தண்ணீரில் விழுகின்றன. அந்தத் தண்ணீர் மாரியில் கடலுக்குப் போகும். பீப்பாவில் 'கலியானச் சாப்பாடு' என்று எழுதியிருந்தது. றகரத்தைப் பெரிதாக்கியவர் ணகரத்தைச் சின்னதாக்கியிருந்தார். ஊரில் அப்படி ஒரு பீப்பாதான் உண்டு. அது எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறது.

அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். மனைவி நஸ்மியா போனை வாங்கிப் பார்த்தாள். "இத மறைச்சா இனி ஆரும் ஒங்கள நம்பி அனுப்பமாட்டாங்க. மறைக்காட்டி வாப்பா கதைக்கமாட்டாரு. அவரு கதைக்காட்டிப் பரவாயில்ல, சோறு உம்மாதானே போடுற."

போட்டோம். நண்பகல் லுஹர் தொழுகை முடிவதற்குள் ஊரே பார்த்துவிட்டது. மாமா தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "முந்தி உங்கட நல்லதுக்குத்தான் மகன் கட்டாருக்குப் போகச் சொன்ன. இப்ப என்ட நல்லதுக்குச் சொல்றன்."

இதையும் பார்க்கோணும்

பிறகு வீட்டில் எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. மேசைமேல் என் பாஸ்போட் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. மகள் அதை எடுத்துச் சப்பிக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு காலையில் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் மாமா. அதே நீலப் பீப்பா, அதே எழுத்துப்பிழை. மிஞ்சிய சோறு ஒரு மாட்டுப்பட்டிக்குப் போகிறது. தோணாக் கரையில் அவருடைய சமையல் ஆட்கள் லஞ்ச் சீட் பொறுக்குகிறார்கள். நடுவில் மாமா, சலவைச் சட்டையோடு, கமராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் முழுவதையும் பார்த்து முடிக்கும்வரை கதவடியில் நின்றவர், உள்ளே வந்து பாஸ்போட்டை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அத எத்தின பேர் பாத்தாங்களோ, அத்தின பேரும் இதையும் பாக்கோணும். அதுவரைக்கும் நீங்க எங்கயும் போகேலா."

நல்ல காரியத்தின் வீடியோவை எங்களூரில் அத்தனை பேர் பார்த்து முடிக்க என் ஆயுள் போதாது என்பதால், நான் இன்னும் சாய்ந்தமருதில்தான் இருக்கிறேன்.