கொத்வாலுக்கு ஒரு பிடி நொய்

ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது வாசலில் ஒரு காவல்காரர் இருந்தார். மருதாணி பூசிய தாடி, பட்டன் இல்லாத காக்கிக் கோட்டு. தினமும் காலையில் தன் கஞ்சி நொய்யில் ஒரு பிடியை மதில்மேல் வைத்துவிட்டு, வால் பிளந்த கரிச்சான் குருவிக்காகக் காத்து நிற்பார். அது திரும்பியும் பார்க்காது, தின்பதெல்லாம் காக்கைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“பாய், எத்தனை தடவை சொல்றது? அது பூச்சிதான் தின்னும்!”

“தெரியும் சார். உருதுல அதும் பேரு கொத்வால். போலீஸ் அதிகாரின்னு அர்த்தம். குடுத்தா வாங்காத போலீசை எங்கனா பார்த்திருக்கீங்களா? அதான் தினம் வச்சுப் பார்க்கறேன்.”

மறுநாள் கரிச்சான் நொய்க்கு வெகு அருகில் வந்து உட்கார்ந்தது. “தொட்டுடாதே, சனியனே!” என்று பல்லைக் கடித்தது நான்தான்.