பன்னீர்ச் செம்பும் பெண் ஃபிட்டரும்

தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் பணியாளர் அதிகாரியாக இருந்தபோது, பெண்களுக்குச் சம வாய்ப்பு என்று சொல்லி ஒரு பெண் ஃபிட்டரை வேலைக்குச் சேர்த்தேன். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருப்பார். ஸ்பேனரை எடுக்குமுன் மிஷினில் காதை வைத்துக் கேட்பார். சரியாக அப்போது போய், "வேலை பழகிருச்சாம்மா?" என்பேன். பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டுவார்.

என் சாதனையைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தார்கள். வரவேற்க ஒரு பெண் வேண்டாமா? அவரையே சந்தனம், பன்னீரோடு வாசலில் நிறுத்தினேன். கார் நுழையும்போது உள்ளே ஒரு மிஷின் நின்றுவிட்டது. அவர் பன்னீர்ச் செம்பை என் கையில் திணித்தார்.

"விருந்தாளிக வந்துட்டாக, எங்கம்மா போற?"

"நீங்க தெளிங்க சார். அங்கன எனக்கு வேலை கிடக்கு."

தெளித்தேன். பாதி என் சட்டையில்தான் விழுந்தது. வந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். அதிகாரி பன்னீர் தெளிக்க, ஒரு பெண் மிஷினுக்கு அடியில் படுத்திருக்கும் மில்லை எங்கேயும் பார்த்ததில்லையாம். நான் எழுதிவைத்த உரையை யாரும் கேட்கவே இல்லை.

அதிலிருந்து எந்த விருந்தாளி வந்தாலும் வாசலில் செம்போடு நான்தான். ஸ்பேனரோடு கடந்து போகையில் அந்த ஃபிட்டரம்மா ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்.

"வேலை பழகிருச்சா சார்?"