வெற்றிலை வைக்காமல் போனவர்கள்

மஸ்னூரின் இடது கையில் பதினாலு தட்டு நிற்கும். உள்ளங்கையில் தொடங்கி முழங்கை தாண்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மேல்தட்டு தோளுக்குச் சமமாக வந்துவிடும். வலது கையில் சோற்றுப் பாத்திரம். முவாரா பூங்கோ தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் எர்னா அக்கா நடத்தும் பாடாங் சாப்பாட்டுக் கடையில் பத்தொன்பது வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. வண்டியிலிருந்து இறங்கி உட்காரும் பயணியிடம் என்ன வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கடையில் இருக்கிற அத்தனையும் மேஜைக்கு வந்துவிடும். பிடித்ததைச் சாப்பிடலாம். தொடாத தட்டு அலமாரிக்குத் திரும்பிப் போகும். தொட்டதற்கு மட்டும் காசு.

மஸ்னூர் ஒரு தட்டைக்கூட இதுவரை கீழே போட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மற்றபடி அவரிடம் திமிர் கொள்ள ஒன்றுமில்லை.

சொந்த ஊர் பாயாகும்பு பக்கம் ஹலாபான். காரில் போனால் ஏழு மணி நேரம். அவர் போய் இருபத்திரண்டு வருஷமாகிறது. கல்யாணமான ஆண் அந்த ஊரில் மனைவி வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். எவ்வளவு நாள் இருந்தாலும் அங்கே அவன் விருந்தாளிதான். வெளியூர் போய்ச் சம்பாதித்துக் கொண்டு வந்தால் விருந்தாளிக்கு மரியாதை. மஸ்னூரும் மகளுக்கு எட்டு மாசம் இருக்கும்போது பெங்குலுவுக்குத் துணிக்கடை போடக் கிளம்பினார். நோன்புப் பெருநாளுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பெருநாளுக்குப் பத்து நாள் முன்னால் சந்தை தீப்பிடித்து, கடையோடு சரக்கும் போயிற்று. வெறுங்கையோடு எப்படிப் படியேறுவது? அடுத்த பெருநாளுக்குப் போகலாம் என்று இருந்தார். அதற்கடுத்த பெருநாளுக்கு, போகாமல் இருந்ததற்கும் சேர்த்து வெட்கப்பட வேண்டியிருந்தது. அப்படியே வருஷம் ஏறிவிட்டது. ஐந்தாம் வருஷம் மனைவி கோர்ட்டுக்குப் போய் விலகிக்கொண்டாள் என்று செய்தி வந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட அவருக்கு என்ன யோக்கியதை?

போன மாசம் புயுங் வந்து ஒரு செய்தி சொன்னான். புயுங் பாயாகும்பிலிருந்து ஜாம்பிக்கு வேன் ஓட்டுகிறவன். அதே ஊர்க்காரன். ஓட்டுநர்களுக்கான பின்கட்டில் மாட்டுக்கால் கறியை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, உன் பொண்ணு விர்தாவுக்கு ஹஜ் மாசத்துல கல்யாணம். ஊரே பேசுது."

மஸ்னூர் அவன் எதிரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து எர்னா அக்கா பார்த்ததில்லை.

அங்கே எல்லாம் தாய்வழி. வீடு தாயுடையது, வயல் தாயுடையது, குலப்பெயரும் தாயுடையது. பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பது தாய்மாமன். அப்பனுக்கென்று மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான். மகளின் நிக்காஹ்வில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உனக்குக் கட்டிக்கொடுத்தேன் என்று சொல்வது. அதை மாமன் சொல்ல முடியாது. தாய் சொல்ல முடியாது. மார்க்கம் அதை அப்பனுக்கு வைத்திருக்கிறது, அவன் எப்பேர்ப்பட்ட அப்பனாக இருந்தாலும்.

"அப்ப வெத்தல வரும்," என்றார் மஸ்னூர்.

"வரும். வரலேன்னாலும் நீயே போயேன். ஏழு மணி நேரம். நான் ஏத்திட்டுப் போறேன்."

"வெத்தல வராம எந்த மூஞ்சிய வெச்சிட்டுப் படியேறுவேன்? தாய்மாமன் நேர்ல வந்து வெக்கணும்டா. அதுதான் முறை."

"முறை பத்தி நீ பேசறியா!" என்று சிரித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான் புயுங்.

அன்றிலிருந்து அவர் காத்திருந்தார். புதுசாக ஒரு கறுப்புத் தொப்பி வாங்கி அலமாரி மேல் வைத்தார். பாத்திரம் கழுவும் இடத்தில் தனியாக நின்று, சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொல்லிப் பார்த்தார். எர்னா அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா, என் சட்டிய யாருக்குக் கட்டிக் குடுக்கற?"

"சும்மாதான்க்கா."

"சும்மா சொல்ற ஆளு கண்ணத் தொடச்சிக்க மாட்டான். வெங்காயமும் இங்க இல்ல." பிறகு குரலை இறக்கிச் சொன்னாள், "வெத்தல வந்த அன்னிக்கே கெளம்பு. லீவு கேக்க வராத, கேட்டா திட்டுவேன்."

அவர்கள் வந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். பாயாகும்பு வேன்தான், ஆனால் புயுங்குடையது இல்லை. முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவன், அவனோடு மஞ்சள் முக்காடு போட்ட பெண். ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். பையை அவன் மடியிலேயே வைத்துக்கொண்டான். மஸ்னூர் கையில் தட்டுகளோடு வந்து, சீட்டுப் போடுகிற மாதிரி மேஜையில் பரப்பினார். கறுக்க வறண்ட ரெண்டாங் மாட்டுக்கறி, தேங்காய்ப்பாலில் பலாப்பிஞ்சு, மரவள்ளி இலை, மிளகாய் பூசிய வற்றல் இறைச்சி, மீன் தலை, ஈரல், பச்சை மிளகாய்த் துவையல்.

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"ஜாம்பிக்கு," என்றான் அவன் சுருக்கமாக.

பெண் கை நனைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். மஸ்னூர் ஆயிரம் பேர் சாப்பிடுவதைப் பார்த்தவர். சிலர் கறியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், சிலர் செல்போனைப் பார்த்துக்கொண்டே விழுங்குவார்கள். இந்தப் பெண் சோற்றில் குழி பறித்து, பலாப்பிஞ்சுக் குழம்பை அதில் ஊற்றி, ரெண்டாங் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பொரிந்த மசாலாவை விரலால் வழித்துச் சேர்த்துக்கொண்டாள். கறியைவிட அந்த ஒட்டல்தான் ருசி என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். மஸ்னூருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. உள்ளே போய்ச் சட்டியின் அடியைச் சுரண்டி, ஒரு சின்னத் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

"இது கணக்குல வராது. சாப்பிடத் தெரிஞ்சவங்களுக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்க வீட்லயும் சட்டி அடிக்கு சண்டைதான் ஐயா. அம்மா எனக்குன்னு ஒளிச்சு வெப்பாங்க."

"நல்ல அம்மா. மாட்டுக்கால் வேணுமா? இன்னிக்கு ஜவ்வு மாதிரி வெந்திருக்கு."

"குடுங்க!" என்றாள். கூட வந்தவன் சிரித்தான். "இவளுக்கு மட்டும் ஒரு மாட்டையே அறுக்கணும்."

"போ மாமா," என்றாள் அவள். சொல்லிவிட்டு மஸ்னூரைப் பார்த்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சிரிப்போடேதான் கேட்டாள்.

"ஐயாவுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

இந்தக் கேள்வியைப் பயணிகள் வாரம் இரண்டு முறையாவது கேட்பார்கள். இருக்கிறது என்று சொன்னால் அடுத்தது எங்கே என்பார்கள். ஊரில் என்றால், எப்போது போய்ப் பார்த்தீர்கள் என்பார்கள். அதற்குமேல் சொல்ல அவரிடம் வார்த்தை கிடையாது. அதனால் கேள்வியை வாசலிலேயே மடக்க ஒரு வேடிக்கையைப் பல வருஷத்துக்கு முன்பே தயார் செய்து வைத்திருந்தார். கேட்டவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.

"பிள்ளையா? பதினாலு!" என்றார், இடது கையைத் தட்டிக் காட்டி. "எல்லாம் இந்தக் கையிலதான் ஏறி ஒக்காரும். அழாது, சோறு கேக்காது, கல்யாணம் பண்ணி வையின்னும் கேக்காது."

அவள் சிரிக்கவில்லை.

"நெஜமா ஒருத்தர்கூட இல்லையா ஐயா?"

இந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்தே தீர வேண்டும் என்று அவருக்கு ஏனோ தோன்றியது.

"ஒருத்தர்கூட இல்லம்மா. நிம்மதியா இருக்கேன்!"

அவள் தலையாட்டினாள். தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். மாட்டுக்கால் தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள். கிண்ணத்துத் தண்ணீரில் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டு, கூட வந்தவனிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, எழுந்து நேராக வேனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

காரம் அதிகமோ என்று நினைத்துக்கொண்டு மஸ்னூர் தட்டுகளை எடுத்துக் கையில் அடுக்க ஆரம்பித்தார். அவன் மட்டும் போகாமல் நின்றான். கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தான்.

"என்னை அடையாளம் தெரியலையா அத்தான்? நான் ரிஸ்மான். நீங்க போறப்ப எனக்குப் பதிமூணு வயசு. உங்க சைக்கிள்ல முன்னாடி ஒக்காந்து வருவேன்."

மஸ்னூர் கையில் பதினோராவது தட்டு ஏறியிருந்தது.

"பெரியண்ணன் செத்துட்டாரு. இப்ப அவளுக்கு மாமன்னு இருக்கறது நான்தான். வெத்தல வெக்கத்தான் வந்தோம். பையில இருக்கு. முதல்ல அப்பா எப்படி இருக்காருன்னு பாக்கணும், சொல்லாதீங்க மாமான்னு கெஞ்சினா. சாப்பிட்டு முடிச்சு நானே சொல்றேன்னா." அவன் வேனைத் திரும்பிப் பார்த்தான். "அந்த அடிக்கறிய நீங்க கொண்டு வந்து வெச்சப்ப என் தொடையைக் கிள்ளினா அத்தான். அவ்ளோ சந்தோஷம். இப்ப வெக்காதீங்க மாமா, கெளம்பலாம்னுட்டா. நான் என்ன செய்யட்டும்?"

வேன் ஹாரன் அடித்தது. ரிஸ்மான் ஓடினான்.

கையை உதறியிருந்தால் போதும். தட்டுகள் விழுந்திருக்கும், பத்து எட்டில் வேனைப் பிடித்திருப்பார். ஆனால் பத்தொன்பது வருஷம் பழகிய கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. மேல்தட்டை எடுத்து மேஜையில் வைத்தது. அடுத்ததை எடுத்து வைத்தது. அடுத்ததை. மனசு எப்போதோ வாசலைத் தாண்டிவிட்டது, கை இன்னும் தட்டு வைத்துக்கொண்டிருந்தது. பதினொன்றும் இறங்கி அவர் சாலைக்கு ஓடி வந்தபோது, வேன் ரப்பர் தோட்டத்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. "விர்தா!" என்று கத்தினார். பிறந்தபோது காதில் பாங்கு ஓதியவர் அவர்தான். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு அந்தப் பெயரை அவர் வாய்விட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். ஒரு மர லாரி அவரை உரசிக்கொண்டு போனது. எர்னா அக்கா வந்து தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்துப் புயுங் ஒரு உறையோடு வந்தான். வந்தவன் பின்கட்டுக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை.

"ரிஸ்மான் குடுத்தான். உன் பொறுப்ப அந்த ஊர்ப் பதிவாளருக்கு ஒப்படைக்கிற காகிதம். நீ இங்க இருக்கற மார்க்க ஆபீசுல கையெழுத்துப் போட்டா, உனக்குப் பதிலா அவரே நிக்காஹ் பண்ணி வெச்சிடுவாரு."

"வரவேணாம்னு சொன்னாளா?"

"வரவேணாம்னு சொல்லல அண்ணே." புயுங் தரையைப் பார்த்தான். "வரச் சொல்லியும் சொல்லல."

எர்னா அக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். "கையெழுத்துப் போடாதய்யா. கிறுக்கா உனக்கு? நீ உசுரோட இருக்கறப்ப நீ இல்லாம அந்தக் கல்யாணம் நடக்காது. தொப்பிய எடுத்து மாட்டு. போய் வாசல்ல நில்லு. யாரு தள்ளுவா உன்னை?"

"யாரும் தள்ள மாட்டாங்கக்கா. அதுதான் பயமா இருக்கு. எல்லாரும் எடம் விட்டு ஒக்கார வெப்பாங்க. அவ மட்டும் தலையக் குனிஞ்சிட்டு ஒக்காந்திருப்பா, அவளோட நாள்ல."

"பெத்தவன் நீ."

"அவ கேட்டது கையெழுத்துதான்க்கா. என்னைக் கேக்கல. இருபத்திரண்டு வருஷத்துல இந்த ஒண்ணுதான் எங்கிட்ட கேட்டிருக்கா. அதையுமா இல்லேன்னு சொல்லட்டும்?"

எர்னா அக்கா கல்லாவுக்குத் திரும்பிப் போனாள். பிறகு அடுப்படியைப் பார்த்து, வெங்காயம் ஏன் இன்னும் உரிக்கவில்லை என்று யாரையோ திட்டினாள்.

மறுநாள் காலை இரண்டு சாட்சிகளும் அவருமாக மார்க்க ஆபீசுக்குப் போனார்கள். சாட்சி புயுங்கும் கடைச் சமையல்காரரும். மஸ்னூர் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். தொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி அலமாரி மேலேயே வைத்துவிட்டு வந்தார். குமாஸ்தா சின்ன வயசுக்காரன், நல்ல மாதிரி. காகிதத்தைப் படித்துக் காட்டி ஒவ்வொரு கட்டமாக நிரப்பினான்.

"நேர்ல போக முடியாததுக்குக் காரணம் ஒண்ணு எழுதணும் ஐயா. உடம்பு சரியில்லைன்னு போடவா? தூரம்னு போடவா?"

மஸ்னூர் யோசித்தார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. பொய் வேணாம். தூரம்னு போடுங்க."

கையெழுத்துப் போட்டார். நாலாம் வகுப்போடு நின்ற கை, கோணல் மாணலாக ஆனாலும் முழுப்பெயரையும் போட்டது. சாட்சிகளும் போட்டார்கள். குமாஸ்தா முத்திரை குத்தி உறையில் வைத்துப் புயுங்கிடம் கொடுத்தான். எல்லோரும் எழுந்தார்கள். மஸ்னூர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? அங்க நிக்காஹ் சொல்லும்போது என் பேரு வருமா?"

"வராம எப்படிங்க? இன்னார் மகள் இன்னாரைன்னு சொல்லித்தானே ஆகணும்."

"சத்தமா சொல்லுவாங்களா?"

"எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான். பதிவாளர் ஒருதடவை சொல்லுவாரு, மாப்பிள்ளை திருப்பி ஒருதடவை சொல்லுவாரு."

"ரெண்டு தடவை," என்றார் மஸ்னூர்.

புயுங் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டான். குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்தவன், பெரியவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தான். மஸ்னூரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தான் சொல்லப்போகாத அந்த வாசகத்தை அவர் கடைசிவரை சத்தமில்லாமல் சொல்லி முடித்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மதிய வேன்கள் வருகிற நேரமாகியிருந்தது.