நார் கட்டாத பூக்கள்

ராஜராஜேஸ்வரியின் முலாம்பழம் ஒரு கைக்குள் அடங்கும். பழுத்தால் வாசனை புறவாசலிலிருந்து கூடம் வரை வரும். அவள் அம்மா கல்யாணமாகிச் சேரன்மகாதேவிக்கு வந்தபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை. அம்மா போன பிறகு கொடியும் மாடும் அவள் பொறுப்பாயின.

சித்திரையில் முதல் கூடைப் பழம் அண்ணன் காந்திமதிநாதனின் மேலதிகாரி வீட்டுக்குப் போகும். அந்தப் பழத்தால்தான் தனக்கு மாற்றல் வராமல் இருக்கிறது என்று அண்ணன் நம்பினான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை மாதத்தில், வெள்ளரிப்பழம் விற்கும் இசக்கித்தாய் புறவாசலில் கூடையை இறக்கிவைத்துச் சொன்னாள்.

"தாயி, மலைமேல மாஞ்சோலை எஸ்டேட்டுல பாலர் பள்ளிக்கு டீச்சரு தேடுதாவளாம். எம்மவ சொன்னா. தங்க வீடும் உண்டு. குளுருதான் ஆளக் கொல்லும்."

"எனக்குக் குளிரெல்லாம் தெரியாது, இசக்கி."

"எப்படித் தெரியும்? சேரமாதேவிய விட்டு எங்கன போயிருக்க?"

ராஜி ஆசிரியர் பயிற்சி முடித்தவள். சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. கல்யாணப் பேச்சு ஒவ்வொன்றாக நின்றுபோய், இப்போது யாரும் பேசுவதில்லை. இரவு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் கேட்டாள்.

"போயேன், யாரு வேண்டாங்கா? இந்தச் சித்திரை முடியட்டும். ஆபீசர் வீட்டம்மா இப்பவே பழம் கேட்டுட்டா."

"நான் தண்ணி ஊத்துனா அதுல புடலங்காதான் காய்க்கும்" என்று மதினி சண்முகசுந்தரி சிரித்தாள்.

போன வருஷம் முக்கூடல் பள்ளிக்கூடத்தில் இடம் வந்தபோதும் இதே சித்திரைதான்.

பழம் கெட்டுப்போனால் தன்னை நிறுத்திவைக்க அண்ணனிடம் காரணம் இருக்காது என்று ராஜிக்குத் தோன்றியது. கெடுக்கும் வழியும் தெரியும். சில வருஷங்களுக்கு முன் பக்கத்து வீட்டு வெள்ளரிக்கொடி வேலி தாண்டி வந்தபோது, அதை ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டிருந்தாள். பிறகு ஒரு சித்திரையில் பழம் சப்பென்று போனது. பழைய விதையைத் தேடியெடுத்துப் போட்டு மீட்டாள். அன்றிலிருந்து சாயங்காலமே, பூத்தொடுக்கும் வாழைநாரால் மொட்டுகளின் வாயைக் கட்டிவிடுவாள். விடிந்ததும் அவிழ்த்து, தன் கொடியின் ஆண்பூவையே தொட்டு வைத்து, மறுபடி கட்டுவாள். வண்டுக்கு வேலையில்லை.

இந்த முறை நாரை எடுக்கவில்லை. இசக்கித்தாயிடம் ஒரு கை வெள்ளரி விதை கேட்டாள்.

"எதுக்கு? எனக்குப் போட்டியாக் கடை போடப் போறியா?"

இரண்டு கொடிகளும் பின்னிப் படர்ந்தன. வண்டுகள் அதிலிருந்து இதற்கும் இதிலிருந்து அதற்கும் போய்வந்தன. ராஜி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் கம்பளி ஒன்றையும் எடுத்து வைத்தாள்.

சித்திரையில் முதல் பழத்தை அறுத்தாள். இனித்தது. இன்னொன்று. அதுவும் இனித்தது. மேலதிகாரி ஜீப்பில் தானே வந்து, கிணற்றடியில் நின்றபடியே தின்றார்.

"என்னவே காந்திமதி, வருஷத்துக்கு வருஷம் இனிப்பு கூடுதே!"

அவர் போனதும் அண்ணன் புறவாசலுக்கு வந்தான். "பாத்தியாட்டி உன் கைராசிய! அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு பாத்தி போட்டுரு."

மாஞ்சோலை வேலைக்குக் கல்லிடைக்குறிச்சிப் பெண் ஒருத்தி போய்விட்டாள். எங்கே தப்பியது என்று ராஜிக்கு விளங்கவில்லை. பழக்கத்தில் கை தானாக விதையை வழித்து, சாணியில் பிசைந்து, வறட்டியாகச் சுவரில் தட்டியது. போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, விதைக்க எடுத்தது போகப் பழைய விதை வறட்டிகள் எல்லாம் சுரண்டப்பட்டிருந்தன. இது ஒன்றுதான் மிச்சம்.

மறு வருஷம் வேலை பற்றி எதுவும் கேட்காமல் அதையே விதைத்தாள். பூக்களுக்கு ஒழுங்காக நார் கட்டினாள். காய்கள் நீண்டு வளர்ந்தன. பழுத்து, வெடித்து, மாவாக உதிர்ந்தன. வாயில் வைத்ததும்தான் புரிந்தது. பூவில் கலந்தது அந்த வருஷப் பழத்தில் தெரியாது. விதைக்குள் போய் இருந்துகொண்டு அடுத்த வருஷம்தான் வெளியே வரும்.

வைகாசியில் அண்ணனுக்கு ராமநாதபுரம் மாற்றல் வந்தது. பழத்தால்தான் என்றான். சாமான்களைக் கட்டும்போது ராஜி தன் பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, மாஞ்சோலைல அந்தப் பிள்ளை வேலைய விட்டு நின்னுட்டாளாம். நான் போகட்டா?"

"வீட்டப் பூட்டிப் போட்டா கரையான் தின்னுரும். மாட்ட யாரு பாப்பா? நீ இங்கன இரு. நாங்க வரவும் போயிக்கலாம்."

"எப்ப வருவிய?"

"அத நானா சொல்லணும்? மேல உள்ளவன்லா சொல்லணும்."

மதினி சாவிக்கொத்தை அவள் இடுப்பில் செருகினாள்.

அவர்கள் போன மறுநாள் இசக்கித்தாய் வந்தாள். ராஜி கொடுத்த பழத்தைக் கடித்துப் பார்த்தாள்.

"என்ன தாயி, என் கூடைப் பழம் உன் வீட்டுல காய்ச்சிருக்கு? கருப்பட்டி போட்டுத் தின்னா ஒண்ணும் குத்தமில்ல."

தெருமுனையில் மாஞ்சோலை பஸ் ஹாரன் அடித்தது.

"வெத எடுத்து வைக்கலியா?"

ராஜி விதையும் சதையுமாக வழித்து மாட்டுத் தொட்டியில் போட்டாள். மாடு தொட்டியை நக்கி முடித்து, இன்னும் வேண்டும் என்பதுபோல் அவளைப் பார்த்தது.